இரட்டையரை ஒரே வகுப்பில் சேர்க்கலாமா?

செந்தூலிலிருந்து ஒரு தாய்:
வணக்கம். என் இரட்டை மகன்கள் அடுத்த ஆண்டு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்கிறார்கள். மூத்தவனே எல்லாவற்றையும் பேசிவிடுவதால் இளையவன் வாய் திறப்பதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அண்ணனின் சட்டையைத்தான் இழுக்கிறான். வகுப்பைப் பிரித்தால் அவன் தானாகப் பேசுவானா, அல்லது மேலும் ஒடுங்கிவிடுவானா?

பாலர் பள்ளி ஆசிரியை, பட்டர்வொர்த்:
சகோதரி, இரட்டையர் பேசத் தாமதிப்பது பரவலாகக் காணப்படுவதுதான். அவர்களில் பலர் 37 வாரம் நிறையுமுன்பே பிறந்துவிடுவதும், பெற்றோர் ஒரு பிள்ளையிடம் தனித்துப் பேசும் நேரம் குறைவதும், திருந்தாத மழலையையே இருவரும் தங்களுக்குள் புரிந்துகொண்டு காலம் தள்ளுவதும் இதற்குக் காரணங்கள். பெரும்பாலோர் பள்ளி வயதில் ஈடுகட்டிவிடுகிறார்கள். வகுப்பைப் பொறுத்தவரை, பிரிட்டனிலும் கனடாவின் கியூபெக்கிலும் 7 முதல் 16 வயது வரையான இரட்டையரை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, பிரிப்பதால் படிப்பில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை என்றே கண்டது. ஆகவே பிள்ளைகளின் இயல்பைப் பார்த்து முடிவெடுங்கள். ஆனால் வெளியாரிடம் அவன் அறவே பேசவில்லையென்றால், பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுவதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இரட்டையருள் இளையவள், பிரிக்பீல்ட்ஸ்:
எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஒரே வகுப்பு, பிரிக்க வழியில்லை. ஆசிரியர் எங்களை வெவ்வேறு வரிசையில் அமர்த்தினார். அம்மாவோ சனிக்கிழமைதோறும் ஒருத்தியை மட்டும் சந்தைக்கு அழைத்துச் செல்வார். அக்காள் அருகில் இல்லாத அந்த நடையில்தான், மீன்காரரிடம் விலை கேட்கும் அளவுக்கு எனக்குத் துணிவு வந்தது.

செந்தூல் தாய்:
மிக்க நன்றி. இந்தச் சனிக்கிழமை சின்னவனை மட்டும் சௌகிட் சந்தைக்கு அழைத்துச் செல்கிறேன்.