மறுமொழி: உடலுக்கேற்ற இசைக்கருவி – ‘இசைவியம்’ எனலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மாற்றுத்திறனாளரின் உடலுக்கேற்ப வடிவமைத்த இசைக்கருவிக்கு (adaptive musical instrument) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். முன்வைத்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> ‘மாற்றுத்திறனாளர் இசைக்கருவி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. அது வாசிப்பவரைச் சுட்டுகிறது. நாம் பெயர் தேடுவது கருவிக்கு.

‘எளிய இசைக்கருவி’யும் ஒட்டாது. பிரிட்டனில் 2011இல் தொடங்கிய, மாற்றுத்திறனாளர் வாசிக்கும் பாராஆர்கெஸ்ட்ரா என்ற இசைக்குழு மறு ஆண்டே லண்டன் பாராலிம்பிக் நிறைவு விழாவில் வாசித்தது. அக்குழுவில் வாசித்தவர் கிளாரன்ஸ் அடூ. 1995இல் கார் விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்த ட்ரம்பெட் கலைஞர். அவருக்காக ரோல்ஃப் கெல்ஹார் வடிவமைத்தது ‘ஹெட்ஸ்பேஸ்’. தலையசைவால் சுரத்தைத் தேர்ந்து, குழாயில் ஊதி ஒலிக்க வைக்கவேண்டும். கழுத்தும் மூச்சும் ஒருசேரப் பழகவேண்டிய வித்தை அது. எளிமை எங்கே இருக்கிறது?

‘தகவமை இசைக்கருவி’ என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. உயிரியலில் தகவமைவது உயிர், சூழலுக்கு ஏற்ப. நாகசுரம் வாசிப்பவரை அப்படித்தான் தகவமையக் கேட்கிறது: ஏழு துளை, இரண்டு கை, இல்லையென்றால் நடையைக் கட்டு. இங்கே வளைந்துகொடுப்பது கருவியல்லவா?

‘உணரி (sensor) இசைக்கருவி’ சவுண்ட்பீம் என்ற கருவிக்குப் பொருந்தும். மீயொலிக் கற்றைக்குள் கை நகர நகரச் சுரம் மாறும். ஆனால் சாவிகள் பொருத்திய ஒருகைக் குழலில் உணரி ஏது? பிரான்சில் பெர்னார் பாஷே குழந்தைகளுக்கென்றே செய்த உலோகத் தகட்டுக் கருவிகளில் மின்சாரமே கிடையாது.

ஆகவே என் பரிந்துரை: இசைவியம். இசைவு + இயம். ‘இயம்’ என்றால் இசைக்கருவி; பழஞ்சொல், இன்னியமும் முருகியமும் திருமுருகாற்றுப்படையிலேயே உண்டு. இசைவு என்றால் பொருத்தம். உள்ளே இசையும் இருக்கிறது. உகரம் கெட்டுப் புணர நன்னூல் இடம்கொடுக்கிறது. ‘ஏற்பியம்’ கூடச் சரியே, ஆனால் ‘ஏற்பி’யை (receptor) உயிரியலார் முன்பே பிடித்துவிட்டார்கள்.

ஒரு முள் உண்டு. பெண்ணியம், மார்க்சியம் என்று பழகிய காதுக்கு இசைவியமும் ஏதோ கொள்கைபோல ஒலிக்கும். சொல் நிலைபெறும்வரை ‘இசைவியக் கருவி’ என்றே எழுதலாம். கூறியது கூறல் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் திட்டட்டும். இக்கருவிகளைச் சேர்ந்து வாசிக்கும் இசைக்குழுவுக்குப் புதுச்சொல் வேண்டாம், பல கருவிகள் சேர்ந்தது என்னும் ‘பல்லியம்’ போதும்.

வினைச்சொல்தான் பாக்கி. குழலை ஊதுகிறோம், பறையை அடிக்கிறோம், யாழை மீட்டுகிறோம். கற்றைக்குள் கையசைப்பதற்கு? ‘வாசித்தல்’ போதும் என்பது என் கட்சி. மாற்று இருந்தால் எழுதுங்கள்.