டிகிரி முடிச்சிட்டு ரெண்டு வருஷ நர்சிங்: யாராச்சும் அப்ளை பண்ணிருக்கீங்களா?

சிப்புட்_பொண்ணு

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியால சுங்கை சிப்புட் பக்கம், வீடு இன்னும் தோட்டத்துலதான். அப்பா செம்பனை வெட்டுறாரு, அம்மா முன்ன ரப்பர் பால் வெட்டுனாங்க இப்ப கையுறை ஃபேக்டரில. நான் கவர்மெண்ட் யூனில பயோமெடிக்கல் சயின்ஸ் முடிச்சேன், சிஜிபிஏ 3.21, இப்ப ஈப்போல ஒரு பிரைவேட் லேப்ல வேலை. ரத்தம் வரும், ஸ்பின் பண்ணுவேன், மெஷின்ல ஏத்துவேன், ரிசல்ட் அனுப்புவேன், அவ்ளோதான். வேலை பிடிக்காம இல்ல, ஆனா நாள் பூரா மனுஷங்களோட ரத்தத்தப் பாக்குறேன் ஒரு மனுஷனயும் பாக்கல, அதுதான் உறுத்துது.

நர்சிங் போலாம்னு ரொம்ப நாளா யோசனை. இங்க போனா டிப்ளோமா 3 வருஷம் இல்லன்னா டிகிரி 4 வருஷம், மறுபடி முதல்லேர்ந்து எஸ்பிஎம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்ச பிள்ளைங்களோட உக்காரணும். வெளிநாட்டுல மட்டும் ஏற்கனவே டிகிரி இருக்கிறவங்களுக்குன்னே ரெண்டு வருஷ கோர்ஸ் இருக்கு, அமெரிக்கால 12லேர்ந்து 18 மாசத்துல கூட முடிக்கிறாங்க. ஆனா சீட்டு கொஞ்சம்தான், போட்டி ஜாஸ்தின்னு சொல்றாங்க.

ஆஸ்திரேலியா, யூகே, அமெரிக்கா மூணுக்கும் ஒரே நேரத்துல போட்டு பாக்கலாமா? லேப் அனுபவத்த ஏதாச்சும் மதிப்பாங்களா? ஏன் நர்சிங் படிக்கணும்னு அப்ளிகேஷனோட ஒரு ஸ்டேட்மெண்ட் லெட்டர் கேக்குறாங்களே, அதுல என்னதான் எழுதுறது, நான் எழுதுனா எல்லாம் "சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை" மாதிரி வருது. பிடிபிடிஎன் படிப்புக் கடன் வேற இன்னும் பாக்கி. அப்பா "டிகிரி வாங்கிட்டு பெட்பேன் தூக்கப் போறியா"ன்னு கேக்குறாரு, அதுக்கு பதில் என்கிட்ட இல்ல.

கோப்பி_ஓ_கோசோங்

சிங்கப்பூர் பாரு தங்கச்சி, அங்கயும் ரெண்டு வருஷத்துல நர்ஸ் ஆக்குறாங்க, படிக்கும்போதே அலவன்ஸ் தராங்க, ஃபீஸும் அவங்களே கட்டுறாங்க. ஜொகூர் தாண்டுனா போதும் எதுக்கு மெல்பர்ன் வரைக்கும்.

தாப்பா_டு_மெல்பர்ன்

மேல சொன்ன அண்ணே, அது கெரியர் கன்வர்ஷன் புரோகிராம், அதாவது வேற வேலைலேர்ந்து மாறுறவங்களுக்கு, சிங்கப்பூர் குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தரவாசம்) இருக்கிறவங்களுக்கும் மட்டும்தான். நம்ம மலேசிய ஐசிய (அடையாள அட்டை) வெச்சிட்டு உள்ள போக முடியாது. நிறைய பேரு இத நம்பி ஒரு வருஷத்த ஓட்டிடுறாங்க அதான் சொல்றேன்.

தங்கச்சி, நான் தாப்பா பக்கத்து தோட்டம், பயோடெக் படிச்சிட்டு ஆஸ்திரேலியால ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ்ல நர்சிங் முடிச்சு இப்ப இங்க வார்டுல இருக்கேன். மெல்பர்ன் யூனில மாஸ்டர் ஆஃப் நர்சிங் சயின்ஸ்னு ஒண்ணு, சிட்னி யூனில மாஸ்டர் ஆஃப் நர்சிங் கிராஜுவேட் என்ட்ரின்னு ஒண்ணு, இந்த மாதிரி பேருல தேடு. சும்மா மாஸ்டர் ஆஃப் நர்சிங்னு மட்டும் போட்டு தேடாத, அதுல பாதி ஏற்கனவே நர்ஸா இருக்கிறவங்களுக்கு, தெரியாம ஃபீஸ் கட்டி அப்ளை பண்ணிட்டு ரிஜெக்ட் வாங்குறவங்க இருக்காங்க.

மூணு நாட்டுக்கும் போடாத லா. காரணம் சொல்றேன். இந்த அப்ளிகேஷன பின்னாலேர்ந்து படிக்கணும், அதாவது முடிச்சதும் எந்த நாட்டு ரெஜிஸ்டர்ல என் பேரு வரணும், அதுக்கு என்ன கேக்குறாங்க, அங்கேர்ந்து பின்னால நடந்து வந்தா எந்த கோர்ஸ்னு தானா தெரியும். ஆஸ்திரேலியான்னா அஹ்ப்ரா பதிவு, அதான் அங்க நர்ஸ், டாக்டர் எல்லாரையும் பதியுற அமைப்பு. அதுக்கு இங்கிலீஷ் டெஸ்ட் தனியா உண்டு, நீ மாஸ்டர்ஸ இங்கிலீஷ்ல படிச்சாலும் நம்ம ஊரு ஸ்கூல்ல படிச்சவங்கள பொதுவா விட மாட்டாங்க. ஐஎல்ட்ஸ்ல லிசனிங் ரீடிங் ஸ்பீக்கிங் மூணுலயும் 7, ரைட்டிங் முன்ன 7 இருந்துச்சு 2025லேர்ந்து 6.5 ஆக்கிட்டாங்க, மொத்தத்துல 7. ரைட்டிங்லதான் நம்ம ஆளுங்க மாட்டுவாங்க, அதனால யூனி சேரவே எழுதும்போது அந்த மார்க்க குறி வெச்சு எழுது, பொதுவா ரெண்டு வருஷம்தான் செல்லுபடி, டெஸ்ட் எழுதி 12 மாசத்துக்குள்ள கோர்ஸ் ஆரம்பிச்சு விடாம படிச்சாதான் முடிக்கும்போதும் ஏத்துக்குவாங்க, இல்லன்னா மறுபடி எழுத வேண்டி வரும். எரிச்சலா இருக்கும், ஆனா மனசுல வெச்சுக்கோ.

காசு. விசா ஃபீஸ் மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர், 2025 ஜூலைலேர்ந்து. ஒரு வருஷ செலவுக்கு 29,710 டாலர் கையில இருக்குன்னு காட்டணும், ட்யூஷன் ஃபீஸும் பிளேன் டிக்கெட்டும் அதுக்கு மேல. டாலருக்கு 3 வெள்ளின்னு (ரிங்கிட்) போட்டா காட்டுற காசு மட்டுமே 89,000 வெள்ளி கிட்ட வருது. படிக்கும்போது ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம், நர்சிங் பிள்ளைங்க நிறைய பேரு முதியோர் இல்லத்துல கேர் வேலைக்கு போவாங்க, நானும் அதான் பண்ணேன். ஆனா பிராக்டிகல் 800 மணி நேரம் கட்டாயம், அதுக்கு சம்பளம் கிடையாது, அந்த வாரத்துல வேலையும் பண்ண முடியாது. இப்ப கவர்மெண்ட் பிராக்டிகலுக்கு காசு தருதுன்னு யூடியூப்ல பாத்துருப்ப, அது உள்ளூர் பிள்ளைங்களுக்கு. நமக்கு இல்ல.

கணக்கு போட்டு பாத்துட்டு வா, லெட்டர் விஷயம் அப்புறம் சொல்றேன், ஷிஃப்டுக்கு நேரமாச்சு.

ரிட்டயர்ட்_சிஸ்டர்

மகளே, நான் பேராக்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரிகள்ல வேலை செஞ்சு சிஸ்டரா ரிட்டயர்ட் ஆனவ. நானும் தோட்டத்துப் பிள்ளைதான், எங்க காலத்துல டிரஸ்ஸர், அதான் தோட்டத்து மருத்துவ உதவியாளர், ஒருத்தர் மருந்து பெட்டிய தூக்கிட்டு எங்க லயத்து வீடுங்களுக்கு வருவாரு, அவர பாத்துதான் எனக்கு ஆசை வந்துச்சு.

உங்கப்பா கேட்டதுக்கு பதில் இருக்கு. ஆமா தூக்கணும்னு சொல்லு. குளிப்பாட்டணும், திருப்பி படுக்க வைக்கணும், புண் வந்துருக்கான்னு முதுகு பாக்கணும், ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தருக்கு மூச்சு வாங்குற விதம் மாறுறத டாக்டர் வர்றதுக்கு முன்ன கண்டுபிடிக்கணும். பெட்பேன் தூக்குறவதான் அத கண்டுபிடிப்பா, ஏன்னா அவதான் பக்கத்துல இருக்கா. இத பிடிக்காதவங்க சீட்டு கெடச்சாலும் முதல் பிராக்டிகல்லயே அழுதுட்டு நிப்பாங்க, நான் எத்தனையோ ஸ்டூடண்ட்ஸ பாத்துட்டேன்.

அதனால அப்ளை பண்றதுக்கு முன்ன நீயா போய் பாரு. ஈப்போல பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கு, குணமாக்க முடியாத நோயாளிங்கள வலி இல்லாம பாத்துக்கிறவங்க, தொண்டூழியம் செய்ய வரலாமான்னு கேளு. முதியோர் இல்லம் எத்தனையோ இருக்கு, சனி ஞாயிறுல போ. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்ல முதலுதவி படி. சர்டிஃபிகேட்டுக்காக இல்ல, ஒரு பாட்டிக்கு ஊட்டி விட்டுப் பாரு, அவங்க துப்புனா உனக்கு கோபம் வருதா சிரிப்பு வருதான்னு உனக்கே தெரிஞ்சிடும். அப்ளிகேஷன்லயும் அது தனியா தெரியும்.

இன்னொண்ணு. வெளிநாட்டுல முடிச்சிட்டு அம்மா அப்பாவ பாத்துக்க இங்க திரும்பி வரணும்னா லெம்பாகா ஜூருராவாட் மலேசியால, அதான் நம்ம நர்ஸ் வாரியத்துல, பதியணும், 1950 நர்சஸ் ஆக்ட் படி பதிவும் வருஷா வருஷம் லைசென்ஸும் இல்லாம இங்க நர்ஸா வேலை செய்ய முடியாது. நீ எடுக்கிற ரெண்டு வருஷ கோர்ஸ இங்க ஏத்துக்குவாங்களான்னு போறதுக்கு முன்னயே எழுத்துல கேட்டு வாங்கி வெச்சுக்க. ஏஜெண்ட் வாயால சொல்றத நம்பாத. ஏஜெண்ட்டுக்கு யூனி கமிஷன் குடுக்குது, உனக்கு யாரு குடுக்குறா?

டெக்சஸ்_தமிழ்செல்வி

அமெரிக்கா பக்கம் நான் சொல்றேன். ஏற்கனவே டிகிரி இருக்கிறவங்க சீக்கிரம் முடிக்கிற நர்சிங் டிகிரி, இங்க அத ஏபிஎஸ்என்னு சொல்வாங்க. ஸ்பீடுன்னு ஆசைப்படுறீங்க, ஆனா கோர்ஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னயே முடிச்சிருக்க வேண்டிய பாடங்க, பிரீரெக்விசிட்னு ஒரு மலை இருக்கு: அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி ரெண்டு பாகம் லேபோட, மைக்ரோபயாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ், கெமிஸ்ட்ரி, நியூட்ரிஷன், வளர்ச்சி சைக்காலஜி, யூனிக்கு யூனி மாறும். பயோமெடிக்கல்ல பாதி முடிச்சிருப்பீங்க, நியூட்ரிஷனும் சைக்காலஜியும்தான் பொதுவா இடிக்கும். சயின்ஸ் பாடமெல்லாம் 5 வருஷம் இல்ல 7 வருஷத்துக்குள்ள படிச்சதா இருக்கணும்னு நிறைய இடத்துல ரூல், ரொம்ப நாள் தள்ளிப்போட்டா படிச்சதே மறுபடி படிக்க வைப்பாங்க. டிரான்ஸ்கிரிப்ட வெளியில ஒரு ஏஜென்சிகிட்ட அனுப்பி பாடம் பாடமா மதிப்பிடணும், மலாய்ல இருந்தா யூனிகிட்ட இங்கிலீஷ் காப்பி இப்பவே கேட்டு வாங்கிடுங்க, அதுக்கே இழுத்தடிப்பாங்க. ஜிபிஏ 3.0 பல இடத்துல கீழ் எல்லை, ஆனா 3.0 வெச்சு உள்ள வர்றவங்க கம்மி. சில யூனில டீஸ் இல்லன்னா ஹெசின்னு நுழைவுத்தேர்வும் உண்டு.

ஆனா உண்மைய சொல்லணும்னா ஸ்டூடண்ட் விசால வந்தா கேம்பஸுக்கு வெளிய வேலை பாத்து ஃபீஸ் கட்டுற பேச்சே இல்ல. கோர்ஸ் அவ்ளோ டைட்டு, வாரம் முழுக்க கிளாஸும் கிளினிக்கலும். முடிச்சிட்டு என்கிளெக்ஸ்ங்கிற நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணா 12 மாசம் ஓபிடில, அதான் படிச்சு முடிச்ச ஸ்டூடண்ட்ஸுக்கான வேலை அனுமதில, வேலை செய்யலாம், அதுக்கப்புறம் வேலை மூலமா நிரந்தரவாசம் கேக்குற ஈபி-3 கிரீன் கார்டு கியூ, அது நகர்ற வேகத்த நான் சொல்ல வேணாம். கல்யாணம் ஆகி இங்க வந்து ஏற்கனவே ஸ்டேட்டஸ் இருந்ததால எனக்கு ஒத்து வந்துச்சு. சிப்புட்லேர்ந்து நேரா வர்றவங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தம்பி_பிடோர்

அக்கா யூகேவும் பாருங்க, அங்க வேற டிகிரி இருந்தா ரெண்டு வருஷத்துல முடிக்கிற பிஜிடிப் (டிகிரிக்கு மேல டிப்ளோமா), எம்எஸ்சி ரெண்டும் இருக்கு, லண்டன் கிங்ஸ் காலேஜ்ல ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பேருலயே நர்சிங் ஃபேகல்டி. ஆனா பிராக்டிகல் 2,300 மணி நேரம், ஆஸ்திரேலியாவவிட எவ்ளோ ஜாஸ்தி பாத்துக்கோங்க. சேர்றப்ப அடல்ட்டா சைல்டா மெண்டல் ஹெல்த்தான்னு முன்னயே தேர்ந்தெடுக்கணும், இண்டர்வியூல மார்க்க பத்தி கேக்க மாட்டாங்க, ஒரு பேஷண்ட் மருந்து வேணாம்னா என்ன பண்ணுவ மாதிரி கேப்பாங்க. என் கசின் தயார் பண்ணிட்டு இருக்கா.

சிப்புட்_பொண்ணு

ரொம்ப நன்றி எல்லாருக்கும். தமிழ்செல்வி அக்கா சொன்னத படிச்சதும் அமெரிக்காவ லிஸ்டுலேர்ந்து தூக்கிட்டேன். சிஸ்டர் ஆண்டி, நீங்க சொன்ன பதில அப்பாகிட்ட அப்படியே சொன்னேன், ஒண்ணும் பேசல, டிவி சவுண்ட கூட்டி வெச்சாரு.

காசு கணக்கு பாத்தா இப்ப முடியாது, ரெண்டு வருஷம் சேத்து எம்ஐஇடி (மஇகாவோட கல்வி நிதி) கடன் கேட்டாதான் கிட்ட வரும். தாப்பா அக்கா லெட்டர் விஷயம் சொல்லலயே?

தாப்பா_டு_மெல்பர்ன்

வந்துட்டேன். ரெண்டு வருஷம் சேக்குறது நல்லதுதான், அதுக்குள்ள சிஸ்டர் சொன்னத செஞ்சிடலாம்.

லெட்டர். படிக்கிறவங்க முன்னால ஒரே மாதிரி லெட்டர் குவிஞ்சி கெடக்கும், எல்லாருக்கும் ஒரு பாட்டி, எல்லா பாட்டியும் ஆஸ்பத்திரில, எல்லா பேத்தியும் நர்ஸ் ஆகணும்னு முடிவு பண்ணுவா. பாட்டிய விட்டுடு. உன்கிட்ட இருக்கிறது லேப், அத எழுது.

யோசி. உன் மெஷின்ல பொட்டாசியம் 6.8 வருது, உயிருக்கே ஆபத்தான அளவு. நீ முதல்ல என்ன பாப்ப? சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருக்கான்னு பாப்ப, ஏன்னா ரத்தம் எடுக்கும்போது செல் உடைஞ்சா பொட்டாசியம் பொய்யா ஏறும். சரியா இருந்தா வார்டுக்கு போன் போடுவ. போன எடுக்கிறது யாரு? நர்ஸ். அந்த நிமிஷத்துக்கு அப்புறம் வார்டுல என்ன நடக்குதுன்னு உனக்கு தெரியாது, ஈசிஜி எடுத்தாங்களா, டாக்டர எழுப்புனாங்களா, அந்த ஆளு பொழச்சானான்னு தெரியாது. போனுக்கு அந்தப் பக்கம் போகணும்னு ஆசைப்படுறேன்னு எழுது, அது வேற யாரும் எழுத முடியாத லெட்டர். பேரு ஒட்டாத டியூப், தப்பான கலர் மூடி, எடுத்து ரொம்ப நேரம் கிடந்த சாம்பிள், இதெல்லாம் திருப்பி அனுப்பும்போது அங்க ஒரு நர்ஸ் மறுபடி ஊசி குத்தணும்னு உனக்கு தெரியும், அந்த வேலையோட ரெண்டு பக்கமும் யோசிக்கிறவன்னு காட்டு. நோயாளி பேரு விவரம் எதுவும் போட்டுடாத, அதுக்கே ரிஜெக்ட் பண்ணுவாங்க. வாலண்டியர் போன இடத்துல ஒரு சம்பவம், அதுல நீ என்ன பண்ண, எங்க திணறுன, அது ஒரு பத்தி போதும். "சேவை மனப்பான்மை" வந்தா அழிச்சிடு.

ரெஃபரன்ஸ் ஒண்ணு லெக்சரர், ஒண்ணு லேப் சூப்பர்வைசர். லெக்சரருக்கு இப்பவே மெசேஜ் போடு, ரெண்டு வருஷம் கழிச்சு கேட்டா உன்ன யாருன்னே மறந்துருப்பாரு. பாடத்திட்டமும் யூனிகிட்ட வாங்கி வை, சில இடத்துல அனாட்டமி படிச்சியான்னு பாட விவரத்தோட கேப்பாங்க.

ரிட்டயர்ட்_சிஸ்டர்

டிவி சவுண்ட கூட்டுனாருன்னா கேட்டுட்டாருன்னு அர்த்தம். எங்க வீட்டுலயும் அப்படித்தான்.

தாப்பா பிள்ள சொன்னது சரி. கூட ஒண்ணு, ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட புத்தகம் வீட்டுல இருக்கா பாரு மகளே, இருந்தாலும் இப்ப ரத்தத்துல ஆன்டிபாடி பாத்து ரிப்போர்ட் எடுத்து வை. அம்மை, தட்டம்மைக்கும் அதேதான். எந்த நாடா இருந்தாலும் பிராக்டிகலுக்கு முன்ன கேப்பாங்க, ஹெபடைடிஸ் பி ஊசி விட்டுப்போயிருந்தா மூணு டோஸ் போட ஆறு மாசம் ஆகும். நீதான் லேப்ல இருக்கியே, இந்த வாரமே பாத்துடு.

சிப்புட்_பொண்ணு

புத்தகம் இருக்கு ஆண்டி, அம்மா பிறப்பு பத்திரத்தோட பிளாஸ்டிக் பைல போட்டு வெச்சிருக்காங்க. நாளைக்கே டெஸ்ட் எடுக்குறேன். பாலியேட்டிவ் சொசைட்டிக்கும் மெசேஜ் பண்ணிட்டேன், சனிக்கிழமை வர சொல்லிருக்காங்க.