படகுலயே குடும்பம் நடத்துறவங்க வாங்க, உங்க அன்றாட கதைய கொட்டுங்க

உப்புக்காத்து:

நாங்க பாய்மரப் படகுல குடியிருக்கோம்னு சொன்ன உடனே எல்லாரும் கேக்குறது சூரிய அஸ்தமனம் எப்படி இருக்கும், டால்ஃபின் வருமா, இந்த ரெண்டுதான். தண்ணி டேங்க் எத்தனை லிட்டர்னு ஒருத்தர் கூட கேட்டதில்ல. ஆனா எங்க குடித்தனம் ஓடுறதே அதுல தான்.

படகு 38 அடி. கேக்க பெருசா இருக்கும், உள்ள வந்தா ஒரு ரூம், ஒரு ஹால், ஹால்லயே கிச்சன், அவ்ளோதான். காலைல எந்திரிச்சதும் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி நான் பாக்குறது பேட்டரி மீட்டர. ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ் ஓடி எவ்ளோ குடிச்சிருக்கு, வெயில் எப்படி, இன்னைக்கு லேப்டாப்ல வேலை பாக்கலாமா வேண்டாமா எல்லாம் அந்த ஒரு நம்பர்ல தெரிஞ்சிரும். முன்னாடி பழைய லெட் ஆசிட் பேட்டரி இருந்தப்போ பாதிக்கு கீழ இறங்கவே விடக்கூடாது, விட்டா அதோட ஆயுசு போயிரும், அதனால சாயங்காலம் ஆனாலே எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு லைட்டா அணைச்சுட்டே வருவாரு, எனக்கு கடுப்பாகும். லித்தியத்துக்கு மாத்துனப்புறம் 80 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், சண்டையும் அந்த அளவுக்கு குறைஞ்சிருச்சு. சோலார் பேனல் மேல பாய்மரத்தோட நிழல் ஒரு கோடு விழுந்தா போதும், கரண்ட் பொசுக்குனு இறங்கிரும். நங்கூரம் போட்டு நிக்கிற படகு காத்துக்கும் நீரோட்டத்துக்கும் திரும்பிட்டே இருக்கும்ல, அதனால காலைல நிழல் இல்லாத பேனல் மத்தியானம் நிழல்ல இருக்கும். போய் காத்தையா திட்ட முடியும்?

தண்ணிக்கு வரேன். பாத்திரத்த கடல் தண்ணிலயே தேய்ச்சு கழுவிட்டு, செடிக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரே பாட்டில்ல நல்ல தண்ணி ஊத்தி வச்சுகிட்டு கடைசியா ஒரு அடி அடிச்சா முடிஞ்சது. குளியலும் அதே ரகம்தான். சிங்க்ல கால் பம்ப் போட்டிருக்கோம், மிதிச்சாதான் தண்ணி வரும், கை நிறைய சோப்பு இருக்கும்போது குழாய் தொறந்தே கிடக்குற பேச்சே இல்ல. கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற மெஷின் தான் வச்சிருக்கீங்களேன்னு சொல்வீங்க. அது தண்ணிய கிட்டத்தட்ட 55 பார் அழுத்தத்துல (சாதாரண காத்தழுத்தத்த மாதிரி 55 மடங்கு) சவ்வு வழியா தள்ளணும், கரண்ட முழுங்கும், துறைமுகத்துக்குள்ள எண்ணெய் மிதக்குற தண்ணில ஓட்டவே கூடாது, சவ்வு போயிரும். கரைல புடிக்கிற குளோரின் தண்ணிய வச்சு அத அலசுனாலும் சவ்வுக்கு ஆகாது, நடுவுல கார்பன் ஃபில்டர் வேணும். அதனால மெஷின் இருந்தும் சிக்கனம்தான்.

இன்னொன்னு. சண்டை வந்தா கதவ அடிச்சு சாத்திட்டு போறதுக்கு இடம் கிடையாது. ஒருத்தர் முன்னாடி மூக்குல போய் உக்காரணும், ஒருத்தர் பின்னாடி. கரைக்கு போற சின்ன டிங்கி ஒன்னுதான் இருக்கு, அத ஒருத்தர் எடுத்துட்டு போயிட்டா மத்தவர் நடுத்தண்ணில மாட்டிக்குவாங்க. எவ்ளோ கோவம் வந்தாலும் சொல்லாம டிங்கிய எடுக்கக்கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் வச்சிருக்கோம், இத கல்யாணத்தப்பவே எழுதி வாங்கியிருக்கணும்.

கயித்துமுடிச்சு:

அக்கா தண்ணி கரண்ட் எல்லாம் சொன்னீங்க, யாரும் தொடாத சப்ஜெக்ட்ட நான் எடுக்குறேன். டாய்லெட்.

எங்களுது கை பம்ப் வச்சது. பக்கத்துல ஒரு நெம்பு இருக்கும், ஒரு பக்கம் தள்ளுனா கடல் தண்ணி உள்ள வரும், இன்னொரு பக்கம் தள்ளுனா வெறும் காலி பண்ணும். வேலை முடிஞ்சதும் 20 தடவையாவது அடிக்கணும், இல்லன்னா எல்லாம் பாதி ஹோஸ்ல நின்னுரும், கழிவு டேங்குக்கு போய் சேராது. எங்க மாமனார் ஒரு தடவை வந்து தங்குனாரு. வந்த அன்னைக்கே உக்கார வச்சு டெமோ காட்டுனேன், சாப்பிட்டு உள்ள போன ஐட்டத்த தவிர வேற எதுவும் அதுக்குள்ள போகக்கூடாது மாமா, பேப்பர் தனி டப்பால அப்படின்னு. மனுஷன் தலைய ஆட்டிட்டு உள்ள போனாரு. வெளிய நாங்க ரெண்டு பேரும் பம்ப் சத்தத்த கேட்டுட்டு உக்காந்திருக்கோம், டொக்கு டொக்குனு அடிச்சிட்டே இருக்காரு, நிக்கவே இல்ல. கதவ தொறந்து வரும்போது சட்டைய கழட்டி தோள்ல போட்டிருக்காரு, நெத்தில இருந்து வேர்வை சொட்டுது. "ஏன் மாப்ள, தினமும் இதேவா?"னு கேட்டாரு பாருங்க, எங்க வீட்டம்மா சிரிப்ப அடக்க முடியாம மேல ஓடிட்டா. அதுக்கப்புறம் இருந்த வரைக்கும் காலைல முதல் வேலையா "மாப்ள, டிங்கி எடுங்க, கரைக்கு ஒரு வேலை இருக்கு"ம்பாரு. என்ன வேலைன்னு நானும் கேட்டுக்கல.

மெயின்டனன்ஸ் கதை இதவிட மோசம். சிறுநீரும் கடல் தண்ணியும் கலந்தா ஹோஸ் உள்பக்கமா சுண்ணாம்பு மாதிரி கல்லா படியும், கொஞ்சம் கொஞ்சமா ஓட்டை சுருங்கிட்டே வந்து ஒரு நாள் அடைச்சிக்கும். வினிகர் ஊத்தி ஊத்தி தள்ளிப் போடலாம், நல்ல தண்ணில ஃப்ளஷ் பண்ணா நிறைய குறையும், ஆனா ஒரு நாள் ஹோஸ கழட்டி கரைக்கு எடுத்துட்டு போய் கல்லு உதிர்ற வரைக்கும் தரைல அடிச்சே ஆகணும். நானும் அவளும் முறை போட்டு பண்றோம். காதல் கவிதை எழுதுறவங்க இந்த வேலைய ஜோடியா ஒரு தடவை பண்ணிட்டு எழுதுங்க ப்ளீஸ்.

அரைப்பாய்:

புதுசா படகுல ஏறப்போறவங்களுக்கு சின்னதா ரெண்டு மூணு. அட்டைப்பெட்டிய படகுக்குள்ள கொண்டு வராதீங்க, அந்த மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை இருக்கும், ஒரு தடவை உள்ள வந்துருச்சுன்னா அதுங்களும் குடும்பம் நடத்த ஆரம்பிச்சிரும், மளிகைய படகுத்துறைலயே பிரிச்சு பைல மாத்திருங்க. மெத்தைக்கு அடில காத்து போற மாதிரி ஏதாவது தட்டி போடுங்க, நம்ம மூச்சுக்காத்தும் வேர்வையும் குளுந்த பலகைல பட்டு தண்ணியாகி பூஞ்சை புடிக்கும், எங்களுது தூக்கி பாத்தப்ப கருப்பா இருந்துச்சு. கேஸ் சிலிண்டர் ரொம்ப முக்கியம், சமையல் கேஸ் காத்தவிட கனம், லீக் ஆனா வெளிய போகாது, படகோட அடிவயித்துல பில்ஜுக்குள்ள போய் உக்காந்துக்கும், ஒரு பொறி போதும். சிலிண்டர் பெட்டி தனியா இருக்கணும், அதோட ஓட்டை படகுக்கு வெளிய தொறக்கணும், சமைச்சு முடிச்சதும் வால்வ மூடணும். எங்க வீட்டுல இத யாரு மூடுனாலும் சத்தமா "கேஸ் ஆஃப்"னு சொல்லணும், மத்தவர் பதில் சொல்லணும், தூக்கத்துல கூட நான் பதில் சொல்றேனாம்.

நங்கூரநிலா:

எனக்கு மறக்கவே முடியாதது ஒரு ராத்திரி. அமைதியான குடாதான், சாயங்காலம் காத்து வேகம் 10 நாட் (மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர்) கூட இல்ல. நங்கூரம் போட்டு ரிவர்ஸ்ல இழுத்து பாத்து நல்லா புடிச்சிருக்குன்னு தெரிஞ்சப்புறம் தான் படுத்தோம். இருட்டுறதுக்கு முன்னாடி வாடகைப் படகு ஒன்னு வந்துச்சு, லீவுக்கு வந்த கூட்டம் போல, பாட்டு கும்மாளம், எங்களுக்கு நேர் முன்னாடி நங்கூரத்த போட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சங்கிலி ஓடுற சத்தத்த கேட்டுட்டு "பத்தாதும்மா"ன்னாரு. ஆழத்த மாதிரி அஞ்சு மடங்காவது சங்கிலி விடணும், காத்து ஏறும்னு தெரிஞ்சா ஏழு மடங்கு, அப்பதான் இழுப்பு தரையோட படுத்த மாதிரி போய் நங்கூரம் மண்ண கவ்வும். அவங்க மூணு மடங்கு விட்டிருந்தா அதிகம். போய் சொல்லவும் சொன்னாரு, கைய ஆட்டிட்டாங்க.

நடுராத்திரிக்கு மேல காத்து ஏறுச்சு. 15 நாட் 30 ஆனா படகு மேல விழுற தள்ளு ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. எங்க சங்கிலி விர்ருனு இழுக்குற அதிர்வு படுக்கை பலகை வழியா காதுக்கு வருது, எந்திரிச்சு மேல வந்தா அந்த படகு குறுக்கால திரும்பி நேரா எங்க மேல வந்துட்டிருக்கு, உள்ள ஒரு லைட் இல்ல, எல்லாரும் தூங்குறாங்க. ஹாரன் அடிச்சோம், டார்ச் அடிச்சோம், ம்ஹூம். இவரு மூக்குக்கு ஓடுனாரு, நான் இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ஸ்டீயரிங்ல நின்னேன். ரெண்டு பேரும் ஹெட்செட் மாட்டியிருந்தோம், அதனாலதான் தப்பிச்சோம், அந்த காத்துல முன்னாடி நிக்கிறவங்க கத்துறது பின்னாடி வரவே வராது. "இன்னும் பத்தடி விடுறேன், இடது பக்கம் வளை, வளை, போதும்." அவ்ளோதான் பேச்சு. அவங்க படகு எங்க பக்கவாட்டுல, இடி தாங்க தொங்கவிடுற ரப்பர் ஃபெண்டர உரசிட்டு போச்சு, கம்பில கை வச்சு தள்ளுற தூரம். (கை வச்சு தள்ளாதீங்க, நடுவுல மாட்டுனா விரல் போயிரும், ஃபெண்டர் போடுங்க.) அப்பதான் ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல தலைய நீட்டி "என்னாச்சு"ங்குறான்!

இதுல ஒன்னு சொல்லணும். நிறைய ஜோடிகள்ல ஆம்பள ஸ்டீயரிங்கும் பொம்பள முன்னாடி நங்கூரமும்னு பாக்குறேன். தலைகீழ் சார் அது. சங்கிலிக்கு தான் உடம்பு பலம் வேணும், ஸ்டீயரிங்குக்கு கண்ணும் நிதானமும் போதும். நாங்க மாத்துனதுல இருந்து துறைமுகத்துல எங்கள யாரும் வேடிக்கை பாக்குறதில்ல.

புதுப்படகு:

அக்கா படிக்கவே பதறுது. எங்களுக்கு இது முதல் மாசம். ராத்திரில படகுக்கு அடில என்னமோ எண்ணெய்ல பொரியுற மாதிரி சடசடன்னு சத்தம் வருது, வீட்டுக்காரர் ஓட்டை விழுந்துருச்சுன்னு டார்ச் எடுத்துட்டு பில்ஜ் பலகையெல்லாம் தூக்கி பாத்துட்டாரு, காஞ்சு கிடக்கு. யாருக்காவது தெரியுமா?

உப்புக்காத்து:

தங்கச்சி, பயப்படாதீங்க, அது இறால். வெதுவெதுப்பான கடல்ல இருக்குற ஒரு வகை, விரல் நீளம் கூட இருக்காது, ஒரு கொடுக்க படார்னு மூடும், அந்த வேகத்துல தண்ணில ஒரு குமிழி உண்டாகி உடையுற சத்தம் தான் அது. லட்சக்கணக்குல ஒன்னா அடிக்கும், படகு அதுக்கு ஸ்பீக்கர் வேலை பாக்குது. நிறுத்த வழியில்ல, பழகிரும். நிறுத்தக்கூடியது ஒன்னு இருக்கு, பாய்மரத்துல கயிறு டங்கு டங்குனு அடிக்கிற சத்தம், அந்த கயித்த ஒரு சின்ன கொக்கிய மாட்டி மரத்துல இருந்து தள்ளி பக்கவாட்டு கம்பில இழுத்து கட்டிருங்க. பக்கத்து படகுக்காரங்களும் நிம்மதியா தூங்குவாங்க. அப்புறம் பில்ஜ் பலகைய தூக்குனதோட விடாம, கடல் தண்ணி உள்ள வர்ற வால்வு ஒவ்வொன்னும் மூடி தொறக்குதான்னு பாக்க சொல்லுங்க, வால்வு உடைஞ்சா அடைக்கிறதுக்கு அந்த ஓட்டை சைஸுக்கு கூம்பு மாதிரி மரக்கட்டை பக்கத்துலயே கயித்துல கட்டித் தொங்கணும். இல்லன்னா நாளைக்கே வாங்குங்க.