மேக் 2 ஓட்டத்தில் உப்புத்தாள் ஒட்டிய தகடு: எந்த கிரிட் சரி?

வாளையார்க்காற்று:
கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லூரியில் சின்ன ப்ளோடவுன் காற்றுச்சுரங்கம் (அடைத்து வைத்த அழுத்தக் காற்றைத் திறந்துவிட்டு ஓட்டுவது). மேக் 2 (ஒலியைப் போல இரு மடங்கு வேகம்), தேக்க அழுத்தம், அதாவது காற்று ஓடத் தொடங்கும் முன் உள்ள அழுத்தம், 5 பார், தேக்க வெப்பநிலை 300 கெல்வின். தகட்டின் மேல் P80 கிரிட் (எண் கூடினால் மணி சிறுக்கும்) உப்புத்தாளை டபுள் டேப்பால் ஒட்டி, முன்விளிம்பிலிருந்து 300 மி.மீ. தள்ளி பிட்டோ குழாயால் (ஓட்டத்தை எதிர்நோக்கி அழுத்தம் அளக்கும் குழாய்) எல்லைப்படலத்தை, அதாவது சுவரை ஒட்டி வேகம் குறைந்த காற்றடுக்கை, அளக்கிறோம். வழுவழுப்பான தகட்டில் மடக்கைக் கோடு (உயரத்தின் மடக்கைக்கு எதிராக வேகத்தை வரைந்தால் வரும் நேர்கோடு) ஒழுங்காக வருகிறது. உப்புத்தாளில் கோடு வளைகிறது, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறவும் செய்கிறது. மணல் ஒட்டிய குழாய்களில் சொரசொரப்பை அளந்த நிக்குராட்சேயின் எல்லைகளை இங்கேயும் அப்படியே வைக்கலாமா? தாளை மாற்றணுமா?

சுவரோரம்:
முதலில் சுவர் அலகை, அதாவது சுவருக்கு அருகே உயரங்களை ஒப்பிடும் அடிப்படை நீளத்தை, கணக்குப் போடுங்க தம்பி. உங்க எண்களுக்கு வெளி ஓட்டம் 167 கெல்வின், 518 மீ/வி, அழுத்தம் 0.64 பார். வெப்பம் கடத்தாத சுவர் என்றால் அதன் வெப்பநிலை சுமார் 285 கெல்வின், அங்கே அடர்த்தி 0.78 கி.கி./க.மீ. உராய்வுக் கெழு 0.002 என்று வைத்தால் சுவர் இழுவிசை 360 பாஸ்கல், உராய்வு வேகம் (இழுவிசையை அடர்த்தியால் வகுத்ததன் வர்க்கமூலம்) 21 மீ/வி. பாகுநிலை நீளம், அதாவது அந்தச் சுவர் அலகு, வெறும் 1.1 மைக்ரான்.

1933-இல் நிக்குராட்சே தந்த எல்லைகள் 5 அலகு (அதற்குக் கீழே வழுவழுப்பு), 70 அலகு (அதற்கு மேலே முழுச் சொரசொரப்பு), அவை இங்கே ஏறக்குறைய 5 மைக்ரானும் 75 மைக்ரானும். வெளி ஓட்டத்தின் அடர்த்தியைப் போட்டால் கணக்கு கெட்டுவிடும், சுவரின் அடர்த்தியும் பாகுநிலையும்தான் வேணும். P80-இன் மணி சராசரி 200 மைக்ரான், அதனால் முழுச் சொரசொரப்பு நிலை. ஆனால் வம்பு வேற இடத்தில் இருக்கு. உங்க எல்லைப்படலம் 4 மி.மீ. சுமார், அதாவது மணியைப் போல 20 மடங்குதான். 50 மடங்குக்குக் கீழே போனால் சொரசொரப்பின் பாதிப்பு படலம் முழுக்கப் பரவிவிடும், மடக்கைப் பகுதிக்கு இடமே மிஞ்சாது என்று 2004-இல் ஹிமெனெஸ் எழுதியிருக்கிறார். அது சுவர் ஓட்டமே இல்லை, மேடு பள்ளங்களின் மேல் தாவும் ஓட்டம். P240-க்கு மாறுங்க. மணி 58 மைக்ரான், விகிதம் 65-ஐத் தாண்டும்.

மாக்கோணம்:
அவர் சொன்னதோடு இன்னொன்று. உங்க ஓட்டத்தில் உள்ளூர் மேக் எண் 1 ஆகும் உயரம், வழுவழுச் சுவர்க் கணக்கில், 60-70 மைக்ரான்தான். P80-இன் மணி அதற்கு மேலே தலை நீட்டும். ஒவ்வொரு தலையிலிருந்தும் சின்ன அதிர்வலை கிளம்பும். ஷ்லீரனில் (அடர்த்தி மாற்றத்தைப் படமாகக் காட்டும் ஒளியியல் முறை) ஏறக்குறைய 30 பாகையில் சாய்ந்த வரிகளாகப் பார்க்கலாம். படலத்தின் குறுக்கே நிலையழுத்தம் மாறாது என்ற அனுமானமும் அங்கே ஆட்டம் காணும்.

திசைவேகத்தை 1951-இன் வான் டிரீஸ்ட் மாற்றத்தில் (அடர்த்தி மாறுவதற்கு வேகத்தைத் திருத்தும் முறை) போட்ட பிறகுதான் வழுவழுக் கோட்டோடு ஒப்பிடணும். சமான மணல் உயரம் (அதே பாதிப்பைத் தரும் நிக்குராட்சே மணலின் அளவு) 100 சுவர் அலகு என்றால் கோடு உராய்வு வேகத்தைப் போல சுமார் 7.7 மடங்கு கீழே இறங்கும். மணி அளவையே சமான மணல் உயரமாக எடுக்காதீங்க. அதே தாளை மெதுவேகச் சுரங்கத்தில் ஒட்டி அளந்து எடுங்க.

சித்தூர்_லேத்:
ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவது டேப்பால்தான் இருக்கும். சுரங்கம் கிளம்பும்போதும் நிற்கும்போதும் அதிர்வலை தகட்டின் மேல் ஓடும்போது ஓரத்தைத் தூக்கிவிடும். போதாததற்கு டேப்பும் தாளும் சேர்ந்த தடிப்பு முன்னால் ஒரு படி வைக்கும், அதிலிருந்து தனி அதிர்வலை. தகட்டில் பள்ளம் மில் பண்ணுங்க. மணிகளின் உச்சி முன்பக்க வழுவழுப் பகுதியோடு ஒரே மட்டத்தில் வரணும். டேப்புக்குப் பதில் அந்தப் பள்ளத்தில் மெல்லிய எபாக்சி பூசித் தாளை ஒட்டி, பாரம் வைத்து ஒரு நாள் காய விடுங்க. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தாளை எடை போட்டால் மணி உதிர்ந்ததா என்று தெரிந்துவிடும்.

கோடு வளைவதற்கு இன்னொரு காரணம் சுழிப்புள்ளி, அதாவது உயரத்தைப் பூஜ்யமாக எடுக்கும் இடம். உயரத்தை மணி உச்சியிலிருந்து அளந்தால் தவறு, மெய்யான சுழி அதற்குக் கீழே இருக்கும். P80-இல் அது 0.1 மி.மீ. விலகினாலே, உச்சியிலிருந்து 0.5 மி.மீ.-இல் எடுத்த முதல் புள்ளி 20 சதவீதம் பிசகும்.

ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரமானது. உலர்த்தியில் பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) -40 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதா என்று பார்க்காமல் வால்வைத் திறக்காதீங்க. நாசிலில் -106 பாகை. ஈரம் மிச்சமிருந்தால் உறைந்து மேக் எண்ணையே மாற்றிவிடும், அப்புறம் உப்புத்தாளைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாளையார்க்காற்று:
P240-உம் பள்ளமும் சரி. தகட்டைக் குளிர்வித்தால் என்ன ஆகும் அண்ணே?

சுவரோரம்:
சுவர் குளிர்ந்தால் அடர்த்தி கூடும், பாகுநிலை குறையும், அலகு இன்னும் சிறுக்கும். அதே தாள் இன்னும் சொரசொரப்பாகத் தெரியும். ஆனால் இழுவிசை கூடுகிற அளவுக்கு வெப்பப் பாய்வு கூடாது. மணிகளின் முன்பின் அழுத்த வேறுபாடு இழுவையைக் கூட்டும், வெப்பத்துக்கு அதற்கு இணையான வழி இல்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாக அளங்க.