அகாசிஸ் ஏரி நீர் எந்தப் பக்கம் போனது?

வணக்கம். பிளஸ் ஒன் மாணவர்களுக்குப் பனியுகம் பற்றி ஒரு வகுப்பு எடுக்க வேண்டும், ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டேன். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், உலகம் சூடேறிக்கொண்டிருந்தபோதே கிரீன்லாந்து திடீரென மறுபடி குளிர்ந்தது. அந்தக் குளிர் ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் நீடித்தது. வட அமெரிக்கப் பனிப்படலம் உருகி, அதன் ஓரத்தில் அகாசிஸ் என்ற பெரிய ஏரியாகத் தேங்கியிருந்த நன்னீர் அட்லாண்டிக்கில் கலந்ததும் மேல்நீரில் உப்பும் கனமும் குறைந்தன. அது மூழ்காததால், வடக்கே வெப்பம் சுமந்த நீரோட்டம் தளர்ந்தது. அதே சமயம் அண்டார்டிகா சூடேறியது. தராசுத் தட்டு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். இதுவரை சரி.

அப்புறம்தான் குழப்பம். அந்த அகாசிஸ் ஏரி நீர் கிழக்கே செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியாக அட்லாண்டிக்குக்குப் போனதா, வடக்கே மெக்கன்சி ஆறு வழியாக ஆர்க்டிக் கடலுக்கா? இரண்டு பக்கமும் ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். கடல்படிவு ஆதாரங்களைப் படித்தவர்கள் யாராவது விளக்குங்களேன். எளிய வரைபடம் கிடைத்தாலும் போதும். வகுப்பு வியாழக்கிழமை!