செயல்தளத்தை மாற்றிய பிறகும் மிஞ்சும் வேகம் யாருடையது?

சப்டிலிசின் புரோட்டீனை வெட்டும் ஒரு பாக்டீரிய நொதி. அதன் செயல்தளத்தில், அதாவது வினை நடக்கும் இடத்தில், ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு, "வேகம் பத்தாயிரம் மடங்கு குறைந்தது" என்று குறிப்பேட்டில் எழுதுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்ட்டரும் வெல்ஸும் 1988-இல் வெளியிட்ட அளவுகள் இவை: செரீன் 221-ஐயோ ஹிஸ்டிடின் 64-ஐயோ அலனினாக மாற்றினால் கேகேட் (ஒரு நொதி மூலக்கூறு விநாடிக்கு அதிகபட்சம் முடிக்கும் வினைகள்) ஏறத்தாழ 20 லட்சம் மடங்கு விழுகிறது. ஆஸ்பார்டேட் 32-ஐ மாற்றினால் 30 ஆயிரம் மடங்கு. மூன்றையும் சேர்த்து மாற்றினாலும் அதே 20 லட்சம்தான். கேஎம் (பாதி வேகத்துக்குத் தேவைப்படும் வினைப்பொருளின் செறிவு) பெரிதாக அசையவில்லை.

வைல்ட் டைப்பின், அதாவது மாற்றாத மூல நொதியின், கேகேட் விநாடிக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சத்தால் வகுத்தால் 0.000025. ஒரு மைக்ரோமோலார் மியூட்டன்ட் (மாற்றிய நொதி) ஒரு மணி நேரத்தில் விடுவிக்கும் மஞ்சள் நிறப் பொருளான பாரா-நைட்ரோஅனிலின் 0.09 மைக்ரோமோலார். 410 நானோமீட்டரில் அதன் ஒளி உறிஞ்சும் கெழு 8,800; ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஒளி உறிஞ்சலின் ஏற்றம் 0.0008. கருவியின் நடுக்கமே அதைவிட அதிகம். நொதியை 10 மைக்ரோமோலாராக்கி 12 மணி நேரம் விட்டால்தான் 0.1-ஐ ஒட்டி வரும். அவ்வளவு நேரம் வைப்பதென்றால் பஃபரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது பாக்டீரியாவின் புரோட்டியேஸை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 20 லட்சம் மூலக்கூறில் ஒன்றே ஒன்று வைல்ட் டைப் கலந்திருந்தாலும், மியூட்டன்ட் முழுவதும் செய்கிற வேலைக்குச் சமமாக அது செய்துவிடும்.

*

அந்த ஒன்று எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் வாசல், ஜீனை மாற்றிப் படியெடுக்கும் பிசிஆர். மிஞ்சும் மூலத்தை அழிக்கப் போடும் டிபிஎன்1 நொதி மெத்தில் ஏறிய தாய் பிளாஸ்மிடை மட்டுமே வெட்டும். மெத்தில் ஏற்றும் டாம் நொதி இல்லாத ஈ. கோலையிலிருந்து எடுத்த பிளாஸ்மிட் என்றால் வெட்டாது. தட்டு நிறைய வைல்ட் டைப் காலனிதான் முளைக்கும். டிபிஎன்1-க்கு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் கொடுங்கள். பிறகு மாற்றிய இடத்தை மட்டும் பார்க்காமல் ஜீன் முழுவதையும் சீக்வென்ஸ் செய்யுங்கள்.

இரண்டாவது வாசல், புரோட்டீனைப் பிடித்துச் சுத்தம் செய்யும் நிக்கல் ரெசின். வைல்ட் டைப் ஓடிய ரெசினைக் கழுவிவிட்டு மியூட்டன்டை ஓட்டவே கூடாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒட்டியிருந்தால், "பத்தாயிரம் மடங்கு குறைந்தது" என்ற விடை அச்சு அசலாக வந்து நிற்கும். ஒவ்வொரு மியூட்டன்டுக்கும் புது ரெசின், புது டயாலிசிஸ் பை. செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்க வழியில்லை.

சப்டிலிசினில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது தன் முன்பகுதியைத் தானே வெட்டிக்கொண்டுதான் முதிர்கிறது. செரீன் 221 இல்லாதது தன்னை வெட்ட முடியாது. உதவிக்கு வைல்ட் டைப்பைச் சேர்த்தால் அதுவே கலப்படம். அந்த 1988 ஆய்வில் இதற்கு வைத்த தீர்வு அருமையானது: மியூட்டன்டில் மட்டும் 24-ஆம் இடத்தில் சிஸ்டீன் வைத்து, சிஸ்டீனின் தயால் தொகுதியைப் பிடிக்கும் ரெசினில் அதை நிறுத்திக்கொண்டார்கள். சிஸ்டீனே இல்லாத உதவி நொதி ஒட்டாமல் ஓடிவிடும்.

சோதித்துப் பார்க்க: இத்தகைய நொதிகளை முடக்கும் பிஎம்எஸ்எஃப் ஒரு மில்லிமோலார் போடுங்கள். அது பிடிப்பது செரீன் 221-ஐ. அந்த இடத்தில் அலனின் இருக்கும்போதும் வேகம் விழுந்தால், விழுந்த பங்கு வைல்ட் டைப்புடையது. ஐசோபுரோப்பனாலில் கரைத்து அப்போதே சேர்க்க வேண்டும். தண்ணீரில் பிஎச் 8-இல் அது வெகுநேரம் தாங்காது.

*

கேஎம் பற்றி ஒரு எச்சரிக்கை. மியூட்டன்டின் கேஎம் வைல்ட் டைப்போடு அப்படியே ஒத்துப்போனால் முதலில் கலப்படத்தைச் சந்தேகியுங்கள்; சப்டிலிசினில் போல அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் கலப்படம் இல்லையென்று உறுதியான பிறகே. கேஎம் குறைந்தால் "பிடிப்பு இறுகியது" என்று எழுத அவசரப்படாதீர்கள்.

பெனிசிலின் வகை மருந்துகளை உடைக்கும் டெம்-1 பீட்டா-லாக்டமேஸ் நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். செரீன் 70 மருந்தோடு அசைல் பிணைப்பு போடுகிறது. குளுட்டமேட் 166 தூண்டிவிடும் தண்ணீர் அதை அறுக்கிறது. 166-ஐ அஸ்பராஜினாக மாற்றினால் இரண்டாம் படி முடங்கி, நொதி மருந்தோடு ஒட்டியபடியே நின்றுவிடும். 1992-இல் பெனிசிலின் ஒட்டிய நிலையை அப்படியே படிகத்தில் பிடித்தது இந்த மியூட்டன்டை வைத்துத்தான். இரண்டாம் படி மந்தமானால் கேகேட், கேஎம் இரண்டும் சேர்ந்தே இறங்கும். மருந்து முன்னைவிட நன்றாக உட்கார்ந்ததால் அல்ல, எழுந்து போக முடியாததால் இறங்குகிறது. கேகேட்டை கேஎம்மால் வகுத்துப் பாருங்கள்: முதல் படி கெடாமல் இருந்தால் அந்த விகிதம் அவ்வளவாக மாறாது.

உடைந்தால் மஞ்சளிலிருந்து சிவப்பாகும் நைட்ரோசெஃபினில் இது கண்ணுக்கே தெரியும். நொதியைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு 486 நானோமீட்டரில் பார்த்தால், மஞ்சள் சட்டென்று ஓரளவு சிவந்து, பிறகு நகர்வதே தெரியாத அளவுக்கு மெதுவாக ஏறும். முதல் படி இரண்டாவதைவிட வெகு வேகமாக இருந்து, நைட்ரோசெஃபினும் தாராளமாக இருந்தால், அந்த முதல் எழுச்சியின் உயரமே உயிரோடு இருக்கிற நொதியின் அளவு. புரோட்டீன் அளவை மட்டும் நம்பி கேகேட் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

*

எதை எதுவாக மாற்றுவது என்பதிலும் கவனம் தேவை. ஆஸ்பார்டேட்டை அஸ்பராஜினாக்குவது வடிவத்துக்கு நெருக்கம் என்பதால் பலரும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அஸ்பராஜின், அதிலும் அடுத்து கிளைசீன் வந்தால், காரத்தன்மையிலும் சூட்டிலும் அமோனியாவை இழந்து ஆஸ்பார்டேட்டாகத் திரும்பக்கூடும். ஃபிரிட்ஜில் வைத்த மாதிரியின் வேகம் வாராவாரம் ஏறினால் காரணம் இதுவாக இருக்கலாம். கூடவே அலனின் மியூட்டன்ட் ஒன்றையும் செய்து ஒப்பிடுங்கள்.

வேகமே இல்லாத மியூட்டன்டுக்கு மடிப்பைக் காட்டும் சிடி நிறமாலையும் உருகு வெப்பநிலையும் எடுத்துக் கையில் வைத்திருங்கள். மடிப்பே குலைந்த புரோட்டீனும் பூஜ்ஜியம்தான் காட்டும்.