டார்வின் பரிணாம யோசனையை எங்கிருந்து எடுத்தார்? மகள் கேட்கிறாள்

கடைக்காரன், ரோஸ் ஹில்:

வணக்கம். போன வாரம் கோயிலில் சிவபுராணம் பாடி முடித்துப் பிரசாதத்துக்கு உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியவர், "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று மாணிக்கவாசகர் அன்றைக்கே பாடிவிட்டார். அதையே வெள்ளைக்காரன் எழுதிப் பேர் வாங்கிக்கொண்டான்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், என் மகளைத் தவிர. எச்.எஸ்.சி.யில் உயிரியல் எடுத்திருக்கிறாள். வீடு வரும்வரை என்னைக் குடைந்தெடுத்துவிட்டாள். ஓர் இனம் மாறி இன்னோர் இனமாகும் என்ற யோசனை டார்வினுக்குத் தானாகத் தோன்றியதா, முன்னாலேயே யாராவது சொல்லிவிட்டார்களா? பாடப்புத்தகத்தில் லாமார்க்குக்கு ஒரு பத்தி, ஒட்டகச்சிவிங்கிப் படம், உடனே டார்வின். நடுவில் ஒன்றுமே இல்லையாம்.

நான் கடை வைத்திருப்பவன், இதெல்லாம் தெரியாது. டார்வின் மொரிசியஸுக்கு வந்தார் என்கிறார்களே, அது நிஜமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

முருகனடிமை, மாயேபூர்:

பெரியவர் சொன்னதில் என்ன தப்பு? தசாவதாரத்தையும் பாருங்கள். முதலில் மீன், அப்புறம் ஆமை, அப்புறம் பன்றி, பாதி சிங்கம் பாதி மனிதன், குள்ளன், கடைசியில் முழு மனிதன். வரிசை அப்படியே இருக்கிறதே.

பழைய வாத்தியார், கத்ர் போர்ன்:

கடைக்காரத் தம்பி, பெரியவரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். மகளை மட்டும் அந்தப் பாட்டை இன்னும் இரண்டு வரி படிக்கச் சொல்லுங்கள். பறவை, பாம்புக்கு அப்புறம் கல் வருகிறது, பிறகு மனிதர், பிறகு பேய். "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்று போய் நிற்கிறது. ஓர் உயிர் பிறவிகள் தோறும் அலைந்து களைத்துப்போனதைச் சொல்லும் பாட்டு அது. ஓர் இனம் தலைமுறை தலைமுறையாக மாறி இன்னோர் இனமாகும் பேச்சு அதில் கிடையாது. தசாவதாரத்துக்கும் இதே பதில்தான், முருகனடிமை கோபிக்கக் கூடாது. ஆமைக்கு மீன் தாத்தா என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை.

இனங்கள் மாறும் என்ற எண்ணம் டார்வினின் கண்டுபிடிப்பு அல்ல. அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வினே 1790களில் அச்சில் போட்டுவிட்டார். லாமார்க் தனிப் புத்தகமே எழுதினார், 1809இல். டார்வின் பிறந்ததும் அதே வருடம்தான். எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போன டார்வினிடம் ராபர்ட் கிராண்ட் என்பவர் லாமார்க்கைப் புகழ்ந்து தள்ளினார். பையன் பெரிதாக அசரவில்லை. பிறகு பீகிள் கப்பலில் போகும்போது, லயல் எழுதிய நிலவியல் நூலின் இரண்டாம் பாகம் தென் அமெரிக்காவில் அவர் கைக்கு வந்தது. அதில் லயல் லாமார்க்கை மறுக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மறுப்பதற்காக எதிராளியின் வாதத்தை இவ்வளவு ஒழுங்காக எடுத்துச் சொன்னால், படிக்கிறவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று யார் கண்டது!

லயலிடமிருந்து டார்வின் எடுத்துக்கொண்டது வேறொன்று. மலையும் பள்ளத்தாக்கும் ஒரே நாளில் வந்தவை அல்ல, இன்றும் நம் கண்முன் நடக்கிற சின்னச் சின்ன மாற்றங்களை எண்ணமுடியாத காலம் கூட்டிக்கொண்டே போனால் போதும் என்ற கணக்கு. அதைக் கொண்டுபோய் உயிர்களுக்குப் போட்டுப் பார்த்தார்.

அந்தக் கப்பல் பயணத்தில் மொரிசியஸுக்கு வந்தது நிஜம். 1836 ஏப்ரல் 29 முதல் மே 9 வரை. லெ பூஸ் மலை ஏறினார். போர்ட் லூயியில் இந்தியக் கைதிகளைப் பார்த்து, தீவில் சுமார் 800 பேர் இருக்கிறார்கள், எவ்வளவு கம்பீரமான தோற்றம் என்று எழுதி வைத்தார். சர்வேயர் ஜெனரல் லாயிடிடம் ஒரு யானை இருந்தது, தீவிலேயே ஒன்றே ஒன்று. ரிவியேர் நுவார் போகும் வழியில் பாதி தூரம் அதன்மேல் சவாரி. அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் நடப்பதுதான் ஆச்சரியம் என்கிறார். ஆனால் அப்போது அவர் மண்டைக்குள் இருந்தது பவளப்பாறை. அதைப் பார்க்கத்தான் அந்தச் சவாரியே. 'இங்கே ஞானம் பிறந்தது' என்று சுற்றுலா வழிகாட்டிகள் யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

நம் தீவு அவருக்கு உபயோகப்பட்டது பின்னால், 'உயிரினங்களின் தோற்றம்' என்ற புத்தகத்தில். போரி டி சான்வான்சான் என்ற பிரெஞ்சுக்காரர் 1801இல் மொரிசியஸில் கப்பலை விட்டு இறங்கி, ரீயூனியன் போய் எரிமலையெல்லாம் ஏறி இறங்கினார். நடுக்கடல் தீவுகள் எதிலும் இயற்கையாகத் தவளை இல்லை என்று கவனித்து எழுதியவர் அவர். டார்வின் அதைப் பிடித்துக்கொண்டார். தவளைக்கு இந்தத் தீவுகள் ஒத்துவராதா என்றால், அதுவும் இல்லை. மொரிசியஸில் மனிதர் கொண்டுவந்து விட்டதும் பெருகித் தொல்லையாகவே ஆகிவிட்டதாம், 1859 புத்தகத்திலேயே இருக்கிறது! அப்படியானால் படைத்தவர் ஏன் இங்கே வைக்கவில்லை? தவளையும் அதன் முட்டையும் உப்புத்தண்ணீர் பட்டால் செத்துப்போகும், அதனால் கடல் தாண்டி வந்துசேரவில்லை. டார்வினின் பதில் இவ்வளவுதான்.

வௌவாலுக்கும் அதே கேள்வி. தரையில் நடக்கும் பாலூட்டி ஒன்றுகூட இல்லாத தூரத்துத் தீவுகளில் வௌவால் மட்டும், அதுவும் அந்தந்தத் தீவுக்கே உரிய வௌவால் இருக்கிறது. பட்டியலில் மொரிசியஸ் பெயரும் உண்டு. சிறகு இருந்தது, வந்தது, வந்த இடத்தில் மாறியது. வலை போட்டும் லிச்சியை விட்டுவைக்காத நம் சோவ்சூரி வௌவால்தான்!

வீட்டுத் தொட்டியில் உப்புத்தண்ணீர் வைத்து விதைகளை ஊறப்போட்டும் பார்த்தார். 87 வகையில் 64 வகை, 28 நாள் ஊறியபிறகும் முளைத்தன. மகளுக்கு வீட்டிலேயே செய்து பார்க்க நல்ல சோதனை.

சரி, மாற்றம் எப்படி நடக்கிறது? அதற்கான திறவுகோல் மால்தஸ் என்ற பாதிரியாரிடமிருந்து வந்தது. ஜனத்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் என்றவர். டார்வின் அவரைப் படித்தது 1838 செப்டம்பர் கடைசியில். பிறப்பவை ஏராளம், பிழைப்பவை சொற்பம். பிழைத்தவற்றின் சின்ன வித்தியாசம் குட்டிகளுக்கும் போகிறது. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்றார். ஆல்பிரட் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரும் மால்தஸைப் படித்தவர்தான். 1858இல் கிழக்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவருக்கும் அதே யோசனை வந்தது. ஒரே மூட்டத்தில் இரண்டு பேர் நெருப்புப் பற்றவைத்த மாதிரி.

கேப்டவுன் வாசி:

வாத்தியார் ஐயா, கப்பல் உங்கள் தீவிலிருந்து நேரே எங்கள் பக்கம்தான் வந்தது. 1836 ஜூனில் டார்வின் இங்கே ஜான் ஹெர்ஷலைப் பார்த்தார், விருந்தும் சாப்பிட்டார். ஹெர்ஷல் தென்வானத்தை அளக்க 1834 முதல் 1838 வரை கிளேர்மாண்டில் தங்கியிருந்த வானியலாளர். தொலைநோக்கி இருந்த இடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது, இப்போது அது ஒரு தொடக்கப்பள்ளி வளாகம்.

ஹெர்ஷல் 1836 பிப்ரவரியில் லயலுக்கு எழுதிய கடிதத்தில், அழிந்த இனங்களின் இடத்தில் புதியவை எப்படி வருகின்றன என்பதை "மர்மங்களின் மர்மம்" என்றார். அதற்கும் இயற்கையான காரணம் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். டார்வின் அந்தச் சொற்களைத் தன் புத்தகத்தின் முதல் பத்தியிலேயே வைத்தார். பெயர் சொல்லவில்லை, நம் மிகப் பெரிய தத்துவ அறிஞர் ஒருவர் என்று மட்டும் குறிப்பிட்டார். வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வந்ததும் ஹெர்ஷல் இதெல்லாம் தாறுமாறு விதி என்று சொன்னதாக டார்வின் காதுக்கே வந்தது. ரொம்ப வருத்தப்பட்டார்.

முருகனடிமை, மாயேபூர்:

வாத்தியாரே, தவளைக் கணக்கு இடிக்கிறதே. என் மச்சான் சேஷல்ஸில் ஹோட்டலில் வேலை பார்க்கிறான். மலைக்காட்டில் பொடித் தவளை இருக்கிறது, வேறெங்கும் கிடையாது என்கிறான். அது எப்படிக் கடல் தாண்டியது?

பழைய வாத்தியார், கத்ர் போர்ன்:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மச்சான் சொல்வது சரி. சேஷல்ஸின் பெரிய தீவுகள் கருங்கல். எரிமலையிலிருந்து எழுந்தவை அல்ல, இந்தியாவோடு ஒட்டியிருந்து பிய்ந்துபோன பழைய நிலத்துண்டு. தவளை கடல் தாண்டவில்லை, நிலத்தோடு சேர்ந்து போனது. கண்டங்கள் நகர்வது டார்வினுக்குத் தெரியாது. இருந்தும் பின்பதிப்பில் விலக்குகளைப் பட்டியலிட்டபோது "ஒருவேளை சேஷல்ஸ்" என்று சேர்த்துவிட்டு, அதை நடுக்கடல் தீவாகக் கொள்ளலாமா என்பதே சந்தேகம் என்றும் எழுதினார்.

கடைக்காரத் தம்பி, 'முன்னாலேயே யார் சொன்னார்கள்' என்ற கேள்விக்கு டார்வினே பட்டியல் கொடுத்திருக்கிறார். பேட்ரிக் மாத்யூ என்பவர் 1831இலேயே கப்பல் கட்டும் மரங்களைப் பற்றிய புத்தகத்தின் பின்னிணைப்பில் இதே இயற்கைத் தேர்வைச் சொல்லியிருந்தார். யார் கண்ணிலும் படவில்லை. 1860இல் அவர் பத்திரிகையில் எழுதி உரிமை கேட்டார், டார்வினும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். 1861இல் வந்த மூன்றாம் பதிப்பின் முன்னால் முன்னோடிகளைப் பற்றி ஒரு சுருக்க வரலாறு இருக்கிறது, மகளை அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தவளையும் வௌவாலும் முதல் பதிப்பில் 12ஆம் அத்தியாயம், ஆறாம் பதிப்பில் 13.